இலை வெட்டுக்கிளி தேடிய ஆண்டு: செயலாளர் அறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மரக்கன்று நடுதலும் பறவைக் கணக்கெடுப்பும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் மெக்கோபோடா என்ற இலை வெட்டுக்கிளியைப் பற்றியே சொல்லப் போகிறேன். நம் இரவு நடைகள் அத்தனையும் அதற்காகத்தான்.

ஐப்பசி மழை விட்டதும் தேடத் தொடங்கினோம். முதல் 2 இரவும் டார்ச் அடித்து அலைந்தும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இறக்கை இலையைப் போலவே இருக்கும், நரம்புகூட அப்படியே ஓடும். பச்சையிலும் உண்டு, சருகு நிறத்திலும் உண்டு. மூன்றாம் இரவு டார்ச்சை அணைத்துவிட்டுச் சும்மா நின்று அதன் பாட்டைக் கேட்டோம். அப்புறம்தான் வாய்க்கால் கரைப் புதரில் ஒன்று சிக்கியது. முன்னங்காலில் முட்டிக்குச் சற்றுக் கீழே அதன் காது இருப்பதைப் பிள்ளைகள் லென்ஸ் வைத்துப் பார்த்தார்கள்.

இந்தப் பூச்சியை நம் காதால்தான் அறிய வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தென்னிந்திய மெக்கோபோடாக்களில் 5 வகைப் பாட்டு இருப்பதாகப் பூச்சி ஒலி ஆய்வாளர் ரோகிணி பாலகிருஷ்ணன் குழுவினர் 2006இல் எழுதினார்கள். உருவத்தை வைத்து அந்த ஐந்தையும் பிரிக்க முடியாது. நாம் பதிவு செய்ததில் குறைந்தது 2 பாட்டாவது வேறுவேறு என்று நம்புகிறேன்.

டிசம்பர் கூட்டத்தில் ஒரு மாணவி கேட்ட கேள்வி என்னை உலுக்கிவிட்டது: "பாடுவது ஆண் மட்டும்தானே, அப்போ பொம்பளப் பூச்சியை யார் எண்ணுறது?" நம் குறிப்பேட்டில் ஒரு பெண்கூட இல்லை. அதே குழுவினரின் 2015 ஆய்வில், வௌவால் உண்டு உதிர்த்த இறக்கைகளில் பெண்களுடையதே மிகுதி. பாடும் ஆணுக்குத்தான் ஆபத்து என்று நாம் நினைப்போம். ஆனால் பெண் அதிகம் பறப்பதால் அதுவே அதிகம் அகப்படுகிறது. இதைப் படித்த பிறகு குறிப்பேட்டைத் திறக்கவே எனக்கு மனம் வரவில்லை.

கார்த்திகைக் கடைசியில் அந்தப் புதரை வெட்டிவிட்டார்கள். முன்கூட்டியே மனு கொடுக்காமல் விட்டது என் தவறு. மறுகரை வேலியையாவது மழைக்காலம் முடியும்வரை வெட்டாமல் விடும்படி இப்போது எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

வரும் ஆண்டு பழைய மண்டபத்தில் வௌவால் தொங்கும் மூலையின் அடியில் வாரம் ஒருமுறை இறக்கை பொறுக்க 4 பேர் தேவை. பெயர் கொடுப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள்.