தார்லோவுக்குத் தமிழ் சப்டைட்டில்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. திபெத்திய இயக்குநர் பெமா சேடனின் 'தார்லோ' படத்தை (2015) தமிழ் சப்டைட்டிலோடு திரையிடப் போகிறீர்கள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. 2023 மே மாதம், 53 வயதில் அந்த மனிதர் போன துக்கம் இன்னும் ஆறவில்லை. திபெத்தியர் வாழ்க்கையை அம்தோ வட்டாரப் பேச்சிலேயே எடுத்துக்காட்டியவர் அவர்.

ஆங்கில சப்டைட்டிலை அப்படியே தமிழாக்கிவிடாதே. முதல் சிக்கல் பட்டப்பெயரில். கதாநாயகனான ஆட்டிடையன் தார்லோவை எல்லாரும் அவன் பின்னலை வைத்துத்தான் கூப்பிடுகிறார்கள். 'குடுமி' என்று போட்டால் நம் ஆட்களுக்குக் கோயில் அர்ச்சகர் ஞாபகம் வரும். 'சடை' என்றே வை. அடையாள அட்டைக்குப் படமெடுக்க ஊருக்கு வந்து, தலை அலசப் போன கடையில் அந்தச் சடையையே இழக்கிறான். அப்புறம் போலீஸ் நிலையத்தில், படமும் முகமும் பொருந்தவில்லை, வேறு படம் எடுத்து வா என்கிறார்கள். அந்த ஒரு சொல் சரியாக விழாவிட்டால் படத்தின் உயிரே போய்விடும்.

அடுத்தது மனப்பாடக் காட்சி. 1944-இல் மாவோ ஒரு இரங்கல் கூட்டத்தில் பேசிய உரையைத் தார்லோ சீனத்தில், மந்திரம் ஓதுவதுபோல மூச்சுவிடாமல் சொல்கிறான். அதில் ஒரு மலை வரும்: மரணம் அதைவிடக் கனமாகவும் இருக்கலாம், இறகைவிட லேசாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் 'Mount Tai' என்று இருக்கும் அந்தச் சீன மலையைத் 'தாய் மலை' என்று எழுதினால் அம்மாவாகிவிடும்! 'தைஷான்' என்றே போடு. சீனம் பேசும் இடங்களை மஞ்சளில் காட்டு. கறுப்பு வெள்ளைப் படம், சட்டென்று தெரியும். சாய்வெழுத்து வேண்டாம், தமிழில் பார்க்கச் சகிக்காது.

ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே 'யூ'. முடிதிருத்தும் பெண் எந்த இடத்தில் 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு இறங்குகிறாள் என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். காட்சியை நாலு தடவை பார்த்துவிட்டு எழுது.

கோப்பை யுடிஎஃப்-8 (UTF-8) என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமி, இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக வரும். பழைய பிளேயர்களில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அதனால் உரிமையாளரிடம் அனுமதி வாங்கி எழுத்தைப் படத்திலேயே பதித்துவிடுவது நல்லது. கறுப்பு விளிம்பு அவசியம், வெள்ளைச் சுவரில் வெள்ளை எழுத்து கரைந்துபோகும். வரிக்கு முப்பது, முப்பத்தைந்து எழுத்துக்குமேல் போகாதே.

சப்டைட்டிலில் சொல்ல முடியாதது ஒன்று உண்டு. நிலையச் சுவரில் 'மக்களுக்குத் தொண்டாற்று' என்று ஐந்து சீன எழுத்து. கடைசியில் இயக்குநர் அதே சுவரை முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரியும் பிம்பமாகக் காட்டுகிறார். எழுத்து இடவலம் மாறிக் கிடக்கும். சீனம் தெரியாதவர்கள் கண்ணில் இது படவே படாது. திரையிடுமுன் அந்த ஐந்தெழுத்தை ஒரு நிமிடம் காட்டி, "இந்த வடிவத்தை நினைவில் வையுங்கள்" என்று மட்டும் சொல். காரணம் சொல்லாதே.

முதல் காட்சிக்கு எழுதியதை அனுப்பு. பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
ரவி