சோடா ரின்னைக் குப்பையோடு கலக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்துப் புதுக்குடியிருப்பில் பழைய இரும்புக் கடை நடத்துகிறேன். எங்கள் பக்கத்தில் திருவிழாவோ விளையாட்டுப் போட்டியோ முடிந்த மறுநாள் காலையில், கீழே கிடக்கிற சோடா ரின், பியர் ரின் எல்லாவற்றையும் சாப்பாட்டுப் பார்சல், இளநீர்க் கோம்பை, பம்பர்ஸ் என்று கிடைத்ததோடெல்லாம் சேர்த்து உழவு இயந்திரப் பெட்டியில் அள்ளுகிறார்கள். அது நேரே குப்பைமேட்டுக்குப் போகிறது. சில இடங்களில் அதற்கு நெருப்பும் வைக்கிறார்கள். இதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. நான் விலை கொடுத்து வாங்குகிற பொருள் என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை.

சோடா ரின்னும் பியர் ரின்னும் அலுமினியத்தில் செய்தவை. அந்த அலுமினியத்தை எப்படி எடுக்கிறார்கள் என்று பாருங்கள். பொக்சைற் என்ற மண்ணை நாலைந்து கிலோ தோண்டினால்தான் ஒரு கிலோ அலுமினியம் வரும். அந்த மண்ணைக் காரத்தில் அவித்து வெள்ளைத் தூளாக்கி, பிறகு அந்தத் தூளுக்கு மின்சாரம் பாய்ச்சிப் பிரிக்க வேண்டும். இந்தக் கடைசி வேலைக்கு மட்டும் கிலோவுக்கு 14, 15 யூனிற் மின்சாரம் போகிறது. எங்கள் வீட்டில் மாதம் முழுக்க மின்விளக்கு, மின்விசிறி, தண்ணீர் மோட்டர் எல்லாம் சேர்த்து 60 யூனிற் அளவில்தான் வரும். ஒரு வெறும் ரின் 13, 14 கிராம் நிறுக்கும். அப்படியென்றால் ஏறத்தாழ 300 ரின் செய்யும் உலோகத்தில் எங்கள் வீட்டின் ஒரு மாத மின்சாரம் இருக்கிறது. அதே அளவு அலுமினியத்தைப் பழைய ரின்னை உருக்கி எடுத்தால் முதலில் செலவான சக்தியில் இருபதில் ஒரு பங்கு போதும்.

அந்த மின்சாரம் நம் நாட்டில் எரிவதில்லை, உண்மைதான். இலங்கையில் பொக்சைற்றிலிருந்து அலுமினியம் எடுக்கும் ஆலை கிடையாது. ஆனால் அதன் விலையை நாங்கள் டொலரில் கொடுத்துத்தான் அலுமினியம் இறக்குகிறோம். 2022இல் டொலர் இல்லாமல் எரிபொருள் வரிசையில் நின்றதையும், ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இன்னொன்றும் உண்டு. பொக்சைற்றை அவித்த பின் மிஞ்சுகிற சிவப்புச் சேற்றைப் பெரிய கட்டுக் கட்டித் தேக்கி வைக்கிறார்கள். 2010இல் ஹங்கேரியில் அப்படியொரு கட்டு உடைந்து சேறு ஊருக்குள் பாய்ந்ததில் பத்துப் பேர் இறந்தார்கள். குளக்கட்டு உடைந்தால் என்ன நடக்கும் என்று கிளிநொச்சி இரணைமடுக் குளத்துக்குக் கீழே இருக்கிற சனத்துக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

அதனால் ரின்னில் அடைத்து விற்றாலே சூழலுக்கு நல்லது என்று விளம்பரம் செய்வதை நான் ஏற்கமாட்டேன். ஒருமுறை குடித்துவிட்டு எறிகிற ரின் மிகவும் வீணான பொருள். திரும்பி வருகிற ரின்தான் நல்ல பொருள். அது எத்தனை முறை உருக்கினாலும் தரம் கெடாமல் மறுபடி ரின்னாகவே வரும். பிளாஸ்ரிக் போத்தல் அப்படி இல்லை, உருக்க உருக்க அதன் தரம் குறையும். ஆனால் ரின்னைத் தனியாக வைத்திருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் என்ஜின் துண்டுகளில் சிலிக்கன் கூடுதலாகச் சேர்த்திருப்பார்கள். ரின்னை அவற்றோடு கலந்து உருக்கினால் அது மறுபடி ரின் செய்ய உதவாது. எங்கள் கடையில் ரின்னுக்கு வேறு உரப்பை வைத்திருப்பது அதற்காகத்தான்.

வாசகர்களுக்குச் சில விஷயம் சொல்லலாம். மீன் ரின்னும் பால்மா ரின்னும் இரும்பு, காந்தம் ஒட்டும். சோடா ரின்னில் ஒட்டாது. பால்மா பைக்கற்றின் உள்பக்கம் பளபளக்கிறது என்று சிலர் கட்டிக்கட்டிக் கொண்டுவருகிறார்கள், பாவமாக இருக்கும். அது பொலித்தீனோடு மெல்லியதாக அலுமினியம் ஒட்டிய தாள். அதைப் பிரித்தெடுக்க இங்கே யாரிடமும் வழியில்லை, எவரும் வாங்கவும் மாட்டார்கள். கையில் வைத்துக் கசக்கிப் பாருங்கள். கசங்கியபடியே நின்றால் அலுமினியத் தாள், திரும்ப விரிந்தால் பிளாஸ்ரிக் சேர்ந்தது. கம்பனிகள் பல பொருளை ஒன்றாக ஒட்டிப் பைக்கற் செய்வதை விட்டு, ஒரே பொருளில் செய்தால் எங்களைப் போன்றவர்களால் அதைத் திருப்பி அனுப்ப முடியும்.

இனி நான் இந்தக் கடிதம் எழுத முக்கியமான காரணத்துக்கு வருகிறேன். மீள்குடியேறி வந்த காலத்தில் வன்னியில் பலருக்குச் சோறு போட்டது பழைய இரும்பு. அதே இரும்பு சிலருடைய கையையும் காலையும் உயிரையும் கொண்டுபோனது. போர் முடிந்த 2009க்குப் பிறகு இத்தனை வருஷமாகியும் கண்ணிவெடி அகற்றும் வேலை முடிந்தபாடில்லை. பற்றைக்காட்டுக்குள் பாரமில்லாத, வெள்ளையாகத் தெரிகிற உலோகத் துண்டு கிடந்தால் பிள்ளைகளுக்கு அது அலுமினியம், அலுமினியத்துக்கு இரும்பை விடப் பல மடங்கு விலை. ஆனால் வெடிக்காமல் கிடக்கிற மோட்டார் எறிகணையின் நுனிப்பகுதி அலுமினியத்தில் செய்திருப்பதும் உண்டு. நான் பிள்ளைகளிடம் வெறும் ரின்னைத் தவிர வேறெதுவும் வாங்குவதில்லை. எங்கே எடுத்தாய் என்று கேட்காமல் பெரியவர்களிடமும் வாங்குவதில்லை. மற்றக் கடைக்காரரும் இப்படிச் செய்ய வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடவே வேண்டாம், பொலிஸின் 119க்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள்.

கடை வாசலிலும் கோவில் வீதியிலும் பள்ளிக்கூடத்திலும் ரின் பிரிந்து சேர்ந்தால், அலுமினியம் தேடிப் பற்றைக்குள் போகவேண்டிய தேவை குறையும். இதற்குப் பெரிய செலவில்லை. நாலு தடியும் கோழிக்கூட்டு வலையும் இருந்தால் ஒரு கூடு அடிக்கலாம். மேலே ரின் மட்டும் நுழையும் அளவுக்கு ஓட்டை விட்டால் சாப்பாட்டுப் பார்சல் உள்ளே போகாது. கூட்டின் அடியில் மழைநீர் தேங்காமல் வலையால் வடிந்துவிடும். முறிகண்டியில் பஸ் நின்று ஆட்கள் இறங்கிக் கச்சான் வாங்குகிற இடத்தில் ஒன்று, மாங்குளம் சந்தியில் ஒன்று, முல்லைத்தீவுக் கடற்கரையில் ஒன்று என்று தொடங்கலாம்.

அரசாங்கத்திடமும் ஒன்று கேட்க வேண்டும். வெறும் போத்தல் கொடுத்தால்தான் சோடா என்று கடைக்காரர் சொன்ன காலத்தில் வீதியில் சோடாப் போத்தல் கிடந்து நான் பார்த்ததில்லை. ஜேர்மனியில் 2003இலிருந்து ரின்னுக்கும் அப்படி முற்பணம் வாங்குகிறார்கள், ஒன்றுக்கு 25 சென்ற். அங்கே இருக்கிற என் அண்ணா கடைக்குப் போகும்போது வெறும் ரின் பையையும் கொண்டுபோய்க் காசைத் திரும்ப வாங்கி வருகிறார். இங்கேயும் ரின்னுக்கு ஒரு சிறு முற்பணம் வைத்தால் அதை யாரும் காலால் எத்திவிட்டுப் போக மாட்டார்கள்.

சட்டம் வருவதற்குக் காலம் எடுக்கும், சரி. வைகாசியில் வருகிற வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. கோவில் நிர்வாகமும் பிரதேச சபையும் இளைஞர் கழகங்களும் வைகாசிக்கு முன் ஒருமுறை கூடிப் பேசினால் போதும். கூடு அடிக்க வலை நான் தருகிறேன். சேருகிற ரின்னை ஆட்களுக்கு முன்னால் தராசில் நிறுத்து, காசைக் கோவில் அன்னதானத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ அவர்கள் சொல்கிற இடத்தில் கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
பழைய இரும்புக் கடை நடத்தும் வாசகி,
புதுக்குடியிருப்பு.