கம்ப நடனமும் முன்கை வலியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில், செங்குத்தாக நிறுத்திய எஃகுக் கம்பத்தில் ஏறியும் தொங்கியும் சுழன்றும் ஆடும் போல் டான்ஸ் எனப்படும் கம்ப நடனப் பயிற்சியைப் பற்றி வெளியான கட்டுரையையும், அதை மறுத்தும் ஆதரித்தும் அடுத்தடுத்து வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். கடிதங்கள் பெரும்பாலும் ஆடையைப் பற்றியும் பண்பாட்டைப் பற்றியுமே பேசின. அந்த வாதத்தில் நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். கால்சட்டை குட்டையாக இருப்பது உடல் கம்பத்தில் நிற்பதற்காக. துணி வழுக்கும், தோல் பிடிக்கும். தொடையிலும் முழங்கால் மடிப்பிலும் துணி வந்து நின்றால், அங்கே கிடைக்க வேண்டிய பிடி முழுவதையும் கை ஏற்க வேண்டியதாகிவிடும். அப்படி ஏற்ற கை என்ன பாடுபடும் என்பதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாததால்தான் இதை எழுதுகிறேன்.

நான் நாற்பதைக் கடந்தவள். சென்னையில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். நான்கு ஆண்டுகளாக இந்தப் பயிற்சிக்குப் போய்வருகிறேன். சேர்ந்து ஏழாவது மாதத்தில் வலது முழங்கையின் உட்புறம் லேசாக வலிக்கத் தொடங்கியது. பயிற்றுநரிடம் சொன்னபோது, “புதுசுல எல்லாருக்கும் வர்றதுதான், பழகிடும்” என்றார். நானும் பழக்கிக்கொண்டேன். ஒரு மாதம் கழித்து ஒரு காலையில் குக்கர் மூடியைத் திறக்க முடியாமல் மகனைக் கூப்பிட்டேன்; அதே வாரத்தில் ஸ்கூட்டரை முறுக்கும்போது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நரம்பைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. பிசியோதெரபிஸ்ட் முழங்கையின் உட்புறத்தில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்புக் குமிழைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தினார். கண்ணில் நீர் வந்துவிட்டது. கோல்ஃபர்ஸ் எல்போ, அதாவது முழங்கையின் உட்புறத் தசைநாணில் வரும் காயம், என்று எழுதிக் கொடுத்தார். கோல்ஃப் மட்டையை நான் தொலைக்காட்சியில்தான் பார்த்திருக்கிறேன்.

விரல்களையும் மணிக்கட்டையும் உள்பக்கம் மடக்கும் தசைகளில் முக்கியமானவை பலவும் அந்தச் சிறு குமிழிலிருந்துதான் புறப்படுகின்றன. கம்பத்தை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோமோ அவ்வளவு இழுவை அந்த ஒரே இடத்தில் விழுகிறது. தசைக்கு நல்ல இரத்த ஓட்டம் உண்டு. சில வாரப் பயிற்சியிலேயே வலு ஏறிவிடும். தசையை எலும்போடு கட்டும் தசைநாணுக்கு அந்த வசதி இல்லை. அது உறுதிப்படப் பல மாதங்கள் ஆகும். ஆகவே, முதல் மாதம் கம்பத்தில் தொங்கவே முடியாமல் தவிப்பவரைவிட, ஆறேழு மாதம் கழித்து, ‘இப்போது எல்லாம் வருகிறது’ என்ற உற்சாகத்தில் வாரம் இரண்டு வகுப்பை நான்காக்கிக்கொள்பவருக்கே ஆபத்து அதிகம் என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. பகல் முழுவதும் கணினியில் தட்டச்சு செய்துவிட்டு மாலையில் கம்பத்துக்கு வருகிறவர்களுக்கு இது இன்னும் கூடுதல், ஏனென்றால் இரண்டு வேலையும் ஒரே தசைகளுக்குத்தான் போய்ச் சேருகின்றன.

ஒரு தீபாவளிக்கு மறுநாள் நடந்ததைச் சொல்கிறேன். முந்தின நாள் எண்ணெய் தேய்த்துக் குளித்திருந்தேன். சீயக்காய் போட்டும் தோலில் எண்ணெய்ப் பசை முழுவதும் போகவில்லை போலிருக்கிறது. கம்பத்தில் ஏறியதும் கால் நழுவியது. நழுவ நழுவ விரல்களை இறுக்கினேன். அன்று வகுப்பு முடிந்தபோது தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருக விரல் மடங்கவில்லை. எண்ணெய் இல்லாவிட்டாலும் சென்னையின் புழுக்கத்தில் வியர்வை அதே வேலையைச் செய்கிறது. அதனால்தான் பயிற்சிக்குப் போகும் நாளில் தேங்காயெண்ணெயோ கிரீமோ பூசக்கூடாது. ஒவ்வொருவர் ஆடி முடித்ததும் ஸ்பிரிட் நனைத்த துணியால் கம்பத்தைத் துடைக்க வேண்டும். உள்ளங்கைக்கு, பிடி வழுக்காமல் இருக்க மெக்னீசியம் கார்பனேட் தூள் கலந்த ‘லிக்விட் சாக்’ என்ற திரவத்தைத் தடவிக்கொள்ள வேண்டும். இவையெல்லாம் விழாமல் இருப்பதற்கான ஏற்பாடுகள் என்றே பலரும் நினைக்கிறார்கள். கம்பம் வழுக்காதபோது விரல் பாதி பலத்தில் பிடித்தாலே போதும் என்பதால் முழங்கையைக் காப்பவையும் இவைதாம்.

இங்கே, நட்டுவைத்த மரக் கம்பத்தில் ஏறி உடற்பயிற்சி செய்யும் நம் மல்லர் கம்பத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. விழுப்புரத்தில் பள்ளிப் பிள்ளைகள் அதில் பயிற்சி செய்வதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். அந்த மரக் கம்பத்தில் வேண்டுமென்றே விளக்கெண்ணெய் பூசுகிறார்கள், தோல் உரசிப் புண்ணாகாமல் இருப்பதற்காக. அப்படியானால் பிடி எங்கிருந்து வருகிறது? அடிப்பகுதியில் சுமார் 55 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கம்பத்தை விரல்களால் வளைத்துப் பிடிக்கவே இயலாது. கட்டித் தழுவவும், தொடைகளால் நெருக்கவும், அக்குளில் இடுக்கவும்தான் வேண்டும். உடலின் பெரிய தசைகள் வேலை செய்தே ஆகவேண்டிய கட்டாயத்தை அந்தக் கம்பத்தின் பருமனே உண்டாக்கிவிடுகிறது. நாங்கள் ஆடும் எஃகுக் கம்பம் பெரும்பாலும் 45 மில்லிமீட்டர் விட்டமுள்ளது, அதாவது சுற்றளவு 14 சென்டிமீட்டர்தான். விரல்கள் சுற்றி வளைத்துக்கொள்ளத் தோதான அளவு. தோளும் முதுகும் காலும் செய்ய வேண்டியதை நாமே செய்துவிடலாம் என்று விரல்களுக்கு ஆசை காட்டுகிற அளவும் அதுவே. முன்கைக் காயங்களில் பெரும்பகுதி இந்த ஆசையிலிருந்து வருவதாகவே நான் கருதுகிறேன்.

ஸ்பிளிட் கிரிப் என்று வகுப்புகளில் சொல்லப்படும் பிடியில் இது கண்கூடாகத் தெரியும். ஒரு கை தலைக்கு மேலே, மற்றொரு கை இடுப்பு மட்டத்தில். மேல் கை இழுக்க வேண்டும், கீழ்க் கை கம்பத்தைத் தள்ள வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இரண்டு கையாலும் இழுக்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். கீழ்க் கையின் மணிக்கட்டு மடங்கிக்கொள்ளும், விரல்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு இறுகும், முழங்கை பின்பக்கமாக வளைந்து பூட்டிக்கொள்ளும். இப்போதைய ஆசிரியை எனக்குத் திருத்திக் கொடுத்த முறை வேறு. கீழ்க் கையின் ஆள்காட்டி விரலைக் கம்பத்தின் போக்கிலேயே கீழ்நோக்கி நீட்டிவிட வேண்டும். அந்த ஒரு விரலை விடுவித்ததுமே இறுக்கிப் பிடிக்க முடியாமல் போய், உள்ளங்கையின் அடிமேடு தானாகத் தள்ளத் தொடங்கும். முழங்கையை நூலளவு தளர்த்தி வைக்க வேண்டும். மேல் கைக்கோ, காதை ஒட்டி ஏறி நிற்கும் தோளை முதலில் கீழே இறக்கி, தோள்பட்டை எலும்பை முதுகோடு அமர்த்திய பிறகே உடல் எடையைக் கொடுக்க வேண்டும். தோள் இறங்காமல் தொங்குகிறவரின் முன்கை தேர்வடம்போல் முறுக்கேறி நிற்பதைத் தூரத்திலிருந்தே பார்த்துச் சொல்லிவிடலாம். கையை உட்பக்கம் முறுக்கிப் பிடிக்கும் ட்விஸ்டட் கிரிப்பைப் புகைப்படத்துக்காகத் தொடக்கநிலை மாணவர்களுக்குக் கற்றுத்தருவதை நான் வெளிப்படையாகவே எதிர்க்கிறேன்; அது தோளையும் முழங்கையையும் ஒருசேரக் கெடுக்கும்.

வலிக்கு மருந்தாக நம் வீடுகளில் முதலில் வருவது தைலமும் உருவிவிடுதலும். இதமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் தசைநாணுக்கு வேண்டியது, தாங்கக்கூடிய எடையைச் சிறிது சிறிதாகப் பழக்குவது. எனக்குச் சொல்லப்பட்ட பயிற்சிக்கு அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டில் ஒன்று போதும். முன்கையை மேசைமீது வைத்து, உள்ளங்கை மேல்நோக்கி இருக்கப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையின் உதவியால் மணிக்கட்டை உயர்த்தி, பிறகு உதவியை எடுத்துவிட்டு நான்கு எண்ணும் நேரத்தில் மெல்ல இறக்க வேண்டும். இறக்குவதில்தான் விஷயம் இருக்கிறது. அடுத்து, விரல்களை விரிக்கும் தசைகள். கம்பம் மடக்கும் தசைகளையே ஓயாமல் வேலை வாங்குவதால், எதிர்ப்பக்கத் தசைகள் பின்தங்கி வெளிமுழங்கையிலும் வலி தொடங்குகிறது. ஐந்து விரல்களையும் சுற்றி ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு விரிப்பது இதற்குப் போதுமானது. அரிசி நிறைந்த வாளிக்குள் கையை விட்டு விரல்களை விரிப்பது பாறை ஏறுபவர்களிடையே வழக்கத்தில் உள்ளது. எங்கள் வீட்டில் அதற்கு மாமியாரின் அனுமதி இன்னும் கிடைக்கவில்லை.

ஒரு வேறுபாட்டை மட்டும் பயிற்சி செய்பவர்கள் கவனிக்க வேண்டும். வகுப்புக்கு மறுநாள் முன்கை முழுவதும் பரவலாகக் கனத்து, இரண்டொரு நாளில் அடங்குவது களைப்பு. விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் வலித்து, ஓய்வுக்குப் பின்னும் பிடி தொடங்கியதும் திரும்ப வருவது காயம். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனாலோ, கட்டைவிரல் பக்கத்து விரல்கள் இரவில் குறுகுறுத்தாலோ அது நரம்பு சம்பந்தப்பட்டது. ரப்பர் பேண்டோடு விளையாடிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். நான் ஆறு வாரம் கம்பத்தைத் தொடாமல் இருந்தேன். திரும்பி வந்தபின் மூன்று மாதம் வரை கால்பிடிப் பயிற்சிகளையும் தரைப் பயிற்சிகளையுமே அதிகம் செய்தேன். ஆடும் பக்கத்தை மாற்றி மாற்றிப் பழகும் நல்ல வழக்கமும் அப்போதுதான் வந்தது.

2012-இல் லண்டனில் கம்ப விளையாட்டுக்கான உலகப் போட்டி நடந்ததையும், 2017-இல் சர்வதேச விளையாட்டுக் கூட்டமைப்புகளின் அமைப்பு இதற்குப் பார்வையாளர் தகுதி வழங்கியதையும் பயிற்சிக்கூடங்கள் பெருமையோடு விளம்பரம் செய்கின்றன. விளையாட்டு என்று சொல்லிக் கட்டணம் வாங்குகிறவர்கள், சேரும்போதே பழைய காயங்களைக் கேட்டு எழுதிவைக்கவும், மாணவர் வலி என்று சொன்னால் அன்றைய பாடத்தை மாற்றித் தரவும் கடமைப்பட்டவர்கள். தங்கள் நாளிதழ் இப்பொருளைப் பற்றி மீண்டும் எழுதுவதாக இருந்தால், தலைகீழாகத் தொங்கும் படத்தோடு, கீழ்க் கையின் விரல் எப்படி இருக்க வேண்டும் என்பதைக் காட்டும் அருகாமைப் படம் ஒன்றையும், ஒரு விளையாட்டு மருத்துவரின் கருத்தையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
வேளச்சேரி, சென்னை.