கையெழுத்திடும் முன் கேட்டுவிடு

ஹம்மர்ஃபெஸ்ட், நோர்வே

அன்புள்ள மகளுக்கு,

காற்றாலைத் திட்டப் பிரிவில் உனக்கு வேலை கிடைத்த செய்தியை அம்மா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். எனக்கும் பெருமைதான். ஆனால் அவர்களுடைய திட்டங்களில் ஒன்று நம் ஃபின்மார்க் மாகாணத்தில் என்று நீ எழுதியதிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை.

நோர்வேயின் நடுப்பகுதியில் உள்ள ஃபோசனில் நடந்ததை முழுமையாகப் படி. ரோன், ஸ்டோர்ஹெயா என்ற இரண்டு காற்றாலைப் பண்ணைகளிலும் சேர்த்து 151 காற்றாலைகள். இந்நாட்டுப் பழங்குடிகளான சாமி மக்களில் ஒரு பிரிவினர் தென்சாமிகள்; அவர்களுடைய துருவமான்கள் குளிர்காலத்தில் மேயும் மலைகள் அவை. பனிமேல் மழை பெய்து உறைந்துவிட்டால் அடியில் இருக்கும் கற்பாசியை மான் குளம்பால் கிளறி எடுக்க முடியாது. மந்தையை வேறு மலைக்கு ஓட்டியாக வேண்டும். காலநிலை கெடக் கெட இப்படிப்பட்ட குளிர்காலங்கள் கூடுகின்றன. ஓட்டிப் போக வேண்டிய மலையிலோ காற்றாலை நிற்கிறது, மான்கள் அதை அண்டுவதில்லை.

வழக்கு முடியும் முன்பே கட்டினார்கள். 2018 டிசம்பரில் ஐ.நா. குழு ஸ்டோர்ஹெயா வேலையை நிறுத்திவைக்கச் சொல்லியும் அரசு கேட்கவில்லை. 2021 அக்டோபர் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாக உரிமம் செல்லாது என்றார்கள். 500 நாள் கழித்தும் எதுவும் நடக்காமல், சாமி இளைஞர்கள் ஒஸ்லோவில் அமைச்சகத்துக்குள் உட்கார்ந்த பிறகுதான் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். இழப்பீடு, மாற்று மேய்ச்சல் நிலம் என்று உடன்பாடு வந்தது. காற்றாலைகள் அப்படியே நிற்கின்றன. கட்டி முடித்துவிட்டால் பிறகு யாராலும் அசைக்க முடியாது என்ற இந்தக் கணக்கைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

காற்றாலையே வேண்டாம் என்பவன் அல்லன் நான். ஆனால் இங்கே மெல்கோயா எரிவாயு ஆலையை, அதன் சொந்த எரிவாயுவை எரிக்காமல், மின்சாரத்தில் ஓட்ட 2023இல் அனுமதித்தார்கள். அதற்காகவே ஃபின்மார்க் மலைகளில் காற்றாலை என்கிறார்கள். ஆலையின் புகை குறையும். கப்பலில் போகும் எரிவாயு போன இடத்தில் எரியத்தானே செய்யும்? சாமி மக்கள் தேர்ந்தெடுக்கும் சாமி நாடாளுமன்றம் இதை எதிர்த்ததில் எனக்கு வியப்பில்லை. 1990இல் யாழ்ப்பாணத்து மயிலிட்டியை விட்டு ஓடிவந்த நம் குடும்பத்துக்கு, பறிபோன நிலத்துக்குப் பணம் ஈடாகாது என்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே இரண்டு கேள்வி கேள். அந்த மலையில் எந்தப் பருவத்தில் யாருடைய மந்தை மேய்கிறது? அவர்கள் வழக்குத் தொடுத்தால் இறுதித் தீர்ப்பு வரும்வரை நிறுவனம் காத்திருக்குமா? இரண்டாவதற்கு எழுத்தில் பதில் வராவிட்டால் வேறு பிரிவு கேள்; அதுவும் இல்லையென்றால் அந்த வேலை வேண்டாம். படிப்புக் கடனை நினைத்து அவசரப்படாதே. இன்னும் சில வருடம் மீன் தொழிற்சாலையில் நிற்க எனக்குத் தெம்பு இருக்கிறது.

அவர்கள் சொன்ன பதிலை எழுது.

அன்புடன்,
அப்பா