எம்.பி. என்றால் எந்த எம்.பி.?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் இணையச் சொற்களுக்கு விளக்கம் கொடுத்திருந்தீர்கள். நல்ல முயற்சி. ஆனால் 100 எம்.பி. இணைப்பு இருந்தால் 1.5 ஜி.பி. படம் 15 நொடியில் இறங்கிவிடும் என்று போட்டிருக்கிறீர்களே, இறங்காது. இரண்டு நிமிடம் ஆகும், அதுவும் லைன் முழு வேகத்தில் வந்தால்.

ஏற்காட்டில் 20 வருடத்துக்கு மேல் கேபிள் இழுத்தவன் என்பதால் சொல்கிறேன். லைனின் வேகத்தைப் பிட் கணக்கில் சொல்வார்கள், ஃபைலின் அளவைப் பைட் கணக்கில் சொல்வார்கள். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். நொடிக்கு 100 மெகாபிட் என்பது 12.5 மெகாபைட்தான். ஆங்கிலத்தில் பிட்டுக்குச் சின்ன எழுத்து, பைட்டுக்குப் பெரிய எழுத்து போட்டுப் பிரித்துவிடுவார்கள். நம் எழுத்தில் பெரிசு, சின்னது கிடையாது. ‘எம்.பி.’ என்று எழுதியதும் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. (டெல்லிக்குப் போகிறவரையும் சேர்த்தால் மூன்று.) “நூறுன்னு காசு வாங்கிட்டு பன்னெண்டுதான் தர்றீங்க” என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் கொஞ்சநஞ்சமில்லை.

கேபிள் வகைகளையும் இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். டி.வி.க்கு நாங்கள் முதலில் இழுத்தது கோஆக்சியல். நடுவில் செம்புக் கம்பி, சுற்றிலும் வெள்ளை நுரை, அதன்மேல் உலோக வலை, வெளியே கறுப்பு உறை. தூரம் போகப் போக சிக்னல் மங்கும் என்பதால் வழியில் ஆம்ப்ளிஃபையர் வைக்க வேண்டும், அதற்குக் கரண்ட் வேண்டும். மலையில் மழை பெய்தால் கரண்ட் இருக்காது, அப்புறம் டி.வி. எங்கே வரும்?

ஃபைபர் அப்படியில்லை. அது கண்ணாடி இழை. கனம் 125 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதற்குள்ளும் ஒளி ஓடுவது சுமார் 9 மைக்ரான் நடுப்பகுதியில் மட்டும். சேலத்திலிருந்து ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவிலும் பஸ் திரும்பிவிடும், இந்த ஒளி இறுக்கமாக மடக்கினால் திரும்பாது, வெளியே கசிந்துவிடும். ஒரு வீட்டில் தினமும் நெட் கட்டாகிறது என்று போனேன். மீதி கேபிளைச் சுவரில் இருந்த காலண்டர் ஆணியில் இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். ஒளியின் அளவைக் காட்டும் பவர் மீட்டரில் மைனஸ் 30 டெசிபெல். சுமார் மைனஸ் 27க்குக் கீழே போனாலே, வீட்டில் ஃபைபர் வந்து சேரும் பெட்டிகள் தடுமாறும். இழைக்குள் சிவப்பு ஒளி பாய்ச்சும் லேசர் பேனாவை மாட்டி, வீட்டு விளக்கை அணைத்தால், ஆணி இருந்த இடத்தில் சிவப்பாக ஒளி கசிகிறது. சுற்றை அவிழ்த்து ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வளையமாக விட்டேன். மைனஸ் 20க்கு வந்தது. 10 டெசிபெல் ஏறினால் ஒளி 10 மடங்கு. பெட்டியில் ‘லாஸ்’ என்ற விளக்கு சிவப்பாக மின்னினால், ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் பயனில்லை, லைன்மேனைத்தான் கூப்பிட வேண்டும்.

ரவுட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் லான் கேபிள் பற்றி ஒன்று. அதில் 8 கம்பிகள், 4 முறுக்கு ஜோடிகள். சிக்னலில் வேறு மின் தொந்தரவு கலக்காமல் இருக்கத்தான் அந்த முறுக்கு. 4 கம்பியை மட்டும் முனைப் பிளக்கில் அழுத்திப் பொருத்தி (கிரிம்ப் பண்ணி) ஓட்டுகிறவர்கள் உண்டு. நெட் வரும், ஆனால் 100 மெகாபிட்டோடு நின்றுவிடும். வாடிக்கையாளர் 300 மெகாபிட்டுக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்பார்.

வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு என்பதையும் சேர்த்திருக்கலாம். போனில் கோடு முழுசாக இருந்தால் ரவுட்டர் வரைக்கும் சரி என்றுதான் அர்த்தம். இங்கே பழைய பங்களாக்களின் கல் சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் அலை அவ்வளவாகத் தாண்டாது, 2.4 ஓரளவு தாண்டும்.

திருத்தம் போடுவதாக இருந்தால் தயவுசெய்து மெகாபிட், மெகாபைட் என்று முழுசாகவே போடுங்கள். இப்போது லைனைப் பார்த்துக்கொள்வது என் தம்பி மகன். ‘பேப்பர்ல 15 நொடின்னு போட்டிருக்கே’ என்று திங்கட்கிழமை காலையிலேயே அவனுக்கு மூன்று போன் வந்துவிட்டது.

இப்படிக்கு,
முன்னாள் கேபிள் ஆபரேட்டர்,
ஏற்காடு.