முதல் வரைவு ஏன் கறுப்பு வெள்ளையில் வருகிறது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஆப்புக்கோ இணையதளத்துக்கோ நாங்கள் அனுப்பும் முதல் வரைவில் இனி நிறம் இருக்காது. கறுப்பு, வெள்ளை, நடுவே நாலைந்து சாம்பல், அவ்வளவுதான். “வேலை பாதியில் நிற்கிறதா?” என்று சிலர் கேட்டீர்கள். இல்லை, வேண்டுமென்றேதான் அப்படி அனுப்புகிறோம்.

முன்பு ஒரு விண்ணப்பப் படிவம் செய்தோம். தவறாக நிரப்பிய கட்டத்துக்குச் சிவப்புக் கோடு, சரியானதற்குப் பச்சைக் கோடு. எங்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது. அதைப் பயன்படுத்திப் பார்த்த ஒருவர் மட்டும் ‘அனுப்பு’ பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டே இருந்தார். எந்தக் கட்டத்தில் தவறு என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் கண்ணுக்கு இரண்டு கோடும் ஒரே மாதிரி மங்கிய பழுப்பு. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 12 பேரில் ஒருவருக்கு இப்படிச் சிவப்பு, பச்சை குழம்பும். மற்ற இடங்களில் இது பெரும்பாலும் கொஞ்சம் குறைவு. பெண்களுக்கு அரிது. அவர் அன்று பட்ட சிரமத்துக்கு நாங்கள்தான் பொறுப்பு. இப்போது கோட்டோடு ஒரு குறியும், ‘தேதி விடுபட்டிருக்கிறது’ என்பது போல ஒரு வரியும் சேர்த்தே வைக்கிறோம். நிறம் இல்லாமலே புரிகிற திரைக்குத்தான் நிறம் பூசுகிறோம்.

அடுத்தது எழுத்து. “இவ்வளவு கறுப்பு வேண்டாம், மென்மையாக இருக்கட்டும்” என்று அடிக்கடி கேட்கிறீர்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டைக் கான்ட்ராஸ்ட் என்கிறோம்; வெள்ளையில் சுத்தக் கறுப்பு எழுத்துக்கு அது 21க்கு 1. சாதாரண அளவு எழுத்துக்கு 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1 குறையக் கூடாது என்கிறது, இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் வழிகாட்டி (எல்லோரும் பயன்படுத்தும்படி திரையை அமைப்பதற்கான விதிகள்). #767676 என்ற நிற எண் கொண்ட சாம்பல், வெள்ளையின் மேல் அந்த 4.5ஐச் சற்றே தாண்டும். பலரும் விரும்பும் #999999 மூன்றைக்கூடத் தொடாது. வெயிலில் போனைப் பார்ப்பவருக்கும் வயதானவருக்கும் அந்த எழுத்து இல்லாததற்குச் சமம். எவ்வளவு கேட்டாலும் அதற்கு நாங்கள் இறங்குவதில்லை.

லோகோ நிறத்தில்தான் அதிகம் இடிக்கிறது. நம் கண் பச்சையை மிகப் பிரகாசமாகவும் நீலத்தை மிக மங்கலாகவும் உணர்கிறது. அதனால் சுத்த நீலத்தின் மேல் வெள்ளை எழுத்து 8.6க்கு 1 என்று நன்றாக எடுக்கும். சுத்தப் பச்சையின் மேல் 1.4தான். மஞ்சளின் மேல் கிட்டத்தட்டக் காணாமலே போகும். லோகோ மஞ்சள் என்றால் பட்டனில் எழுத்து கருமையாகத்தான் இருக்க வேண்டும். லோகோ சிவப்பு என்றால் சிக்கல் வேறு. ‘சேமி’ சிவப்பு, ‘அழி’யும் சிவப்பு என்றால் விரல் தயங்கும். அப்படிப்பட்டவர்களுக்குச் சிவப்பை மேல்பட்டையோடு நிறுத்திவிட்டு, பட்டனுக்கு வேறு நிறம் தருகிறோம். எந்த லோகோவாக இருந்தாலும் சரி, அழுத்தமான நிறத்தில் ஒரு திரைக்கு ஒரு பட்டன்தான். நாலு பட்டன் மினுங்கினால் எதை அழுத்துவது என்று தெரியாது.

டார்க் மோடு, அதாவது கறுப்புப் பின்னணியில் வெளிர் எழுத்து, கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நிறங்களை அப்படியே தலைகீழாக்கினால் போதாது. அடர்ந்த நிறங்கள் கறுப்பின் மேல் கண்ணைக் கூசவைக்கும். கொஞ்சம் வெளிறிய நிறங்களைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்; அதற்கு ஓரிரு நாள் கூடுதலாகும்.

அப்புறம், லோகோ நிறத்தை விசிட்டிங் கார்டைப் படமெடுத்து அனுப்பாதீர்கள். அச்சு மையும் திரை ஒளியும் ஒன்றல்ல. லோகோ செய்தவரிடம் அதன் நிற எண்ணைக் கேட்டு வாங்கி அனுப்புங்கள்.

வரைவு வந்ததும் பெரிய கம்ப்யூட்டர் திரையில் மட்டும் பார்க்காமல், ஒரு பழைய போனில், வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். எந்தப் பட்டன் முக்கியம் என்று உடனே தெரியாத இடம் இருந்தால் குறித்து அனுப்புங்கள். நிறம் பூசுவதற்கு முன்பே சரிசெய்துவிடுகிறோம்.

அன்புடன்,
வடிவமைப்புக் குழு