செல்வத்துக்கு: கயல் எங்கே சேர்ந்தால் உதவி கிடைக்கும்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. உன் மகள் கயல் பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்திருக்கிறாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அவளிடம் சொல். இங்கே அம்மாவுக்கு முட்டுவலி இப்போது தேவலை. மற்றபடி எல்லாரும் சுகம்.

ஏஐ (செயற்கை நுண்ணறிவு) படிப்புக்கு அரசு உதவி கிடைக்குமா, வேளாண்மைக்குக் கிடைக்குமா என்று கேட்டிருந்தாய். படிப்பின் பெயருக்கு முன்னால், சீட் எந்த வழியாக வந்தது என்பதைத்தான் அரசாங்கம் பார்க்கும். அதனால் நேரடியாக சீட் தருகிறோம் என்று கல்லூரியில் கேட்கும் அட்வான்ஸை இப்போது கட்டாதே. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளில் 65 சதவீத இடங்கள், சிறுபான்மைக் கல்லூரி என்றால் 50 சதவீத இடங்கள், அரசு நடத்தும் கலந்தாய்வுக்கு வருகின்றன. மீதிதான் கல்லூரியே நேரடியாகக் கொடுக்கும் நிர்வாக ஒதுக்கீடு. இரண்டு வழியில் வந்த பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாடம்தான் படிப்பார்கள். ஆனால் கலந்தாய்வில் வந்த பிள்ளைக்குக் கிடைக்கிற சலுகை மற்றதற்குக் கிடைக்காது. எங்கே இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து மே மாதத்திலேயே நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிவிட்டு, ஜூலையில் கலந்தாய்வில் அதே கல்லூரி கிடைத்திருக்கும் என்று தெரியவருகிறபோது எவ்வளவு வேதனை, யோசித்துப் பார்.

கயல் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிதானே? அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு. மருத்துவத்துக்கு 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கு 2021-லும் வந்தது. தொழிற்படிப்புகளில் இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. ஆறாவதிலிருந்து ஒவ்வொரு வகுப்பும் எந்தப் பள்ளி என்று காட்டும் சான்று வேண்டும். நடுவில் ஊர் மாறியிருந்தால் அந்தப் பழைய பள்ளியிலும் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும். விடுமுறையில் தலைமை ஆசிரியரைப் பிடிப்பது சிரமம், இந்த வாரமே போய்விடு.

அது கிடைக்காவிட்டால், குடும்பத்தில் முதலில் பட்டம் படிக்கும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தில் தரும் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை. இதுவும் தொழிற்படிப்புக்கு, ஒற்றைச்சாளரக் கலந்தாய்வில் வந்தவர்களுக்கு மட்டும். உன் குடும்பத்தில் யாரும் பட்டதாரி இல்லை என்று இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதோடு நீயும் கயலும் கையெழுத்துப் போடும் கூட்டு உறுதிமொழியும் உண்டு. கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும்போதே இந்தச் சலுகைக்கான கட்டத்தைக் குறித்துவிட வேண்டும். குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் இந்தச் சலுகை, கயல் 7.5-இல் வந்துவிட்டால் இதைத் தொடாமல் தம்பிக்கு விட்டுவைக்க முடியுமா என்று சான்றிதழ் வாங்கும் இடத்திலேயே கேள்.

இனி வங்கிக் கல்விக் கடன். 4 லட்சம் வரை உன் கையிலிருந்து பங்கு போட வேண்டாம், 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை வேண்டாம். படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் தவணை ஆரம்பிக்கும். நிர்வாக ஒதுக்கீட்டுக்கும் வங்கி தரலாம், ஆனால் அரசுக் குழு நிர்ணயித்த கட்டணத்தைத்தான் கணக்கில் எடுக்கும். ரசீது இல்லாமல் கொடுக்கிற நன்கொடை உன் தலையில்தான்.

கடன் கிடைப்பதும் வட்டி மானியம் கிடைப்பதும் வேறு வேறு. இங்கேதான் படிப்பைப் பற்றிய உன் கேள்வி வருகிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு கட்டுகிறது. ஆனால் அது தொழில்நுட்ப, தொழிற்படிப்புகளுக்கு மட்டும். அதிலும் கல்லூரிக்கு நாக் (NAAC) என்ற தரச் சான்று இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பாடப்பிரிவுக்கு என்பிஏ (NBA) என்ற தரச் சான்று இருக்க வேண்டும். என்பிஏ கல்லூரி முழுவதற்கும் கொடுப்பதில்லை, பிரிவு பிரிவாகக் கொடுக்கிறது. இரண்டு அணி மாணவர்கள் படித்து முடித்து வெளியே வந்த பிறகுதான் ஒரு பிரிவு விண்ணப்பிக்கவே முடியும். அதனால் போன வருஷம் தொடங்கிய ஏஐ பிரிவுக்கு அது இருக்க வழியே இல்லை. கல்லூரி வாசலில் "என்பிஏ அங்கீகாரம்" என்று பெரிய எழுத்தில் போர்டு இருக்கும். அது மெக்கானிக்கலுக்கோ சிவிலுக்கோ உள்ளதாக இருக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் நாக் சான்று இருக்கிறதா, எந்தத் தேதி வரை செல்லும் என்று பார்த்துக்கொள். பாதியில் படிப்பை விட்டால், உடல்நலக் காரணம் தவிர, மானியம் நின்றுவிடும். இளநிலைக்கோ முதுநிலைக்கோ ஒரு தடவைதான் தருவார்கள்.

2024 நவம்பரில் பிஎம் வித்யாலட்சுமி என்று மத்திய அரசின் கல்விக் கடன் திட்டம் ஒன்று வந்தது. தேசியத் தரவரிசையில் மேலே உள்ள உயர்கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்; தொடங்கியபோது அவை 860. 8 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு 10 லட்சம் வரையான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகை, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு. பி.ஏ., பி.எஸ்சி. படிப்பவர்களுக்கும் இதில் வழி உண்டு.

உன் அண்ணன் மகள் அஞ்சல் வழியில் பி.ஏ. சேரலாமா என்று கேட்டாயே. சேரலாம், ஆனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் வரும் 1,000 ரூபாய் கிடைக்காது. தொலைதூரக் கல்வியும் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் அதில் சேராது. பக்கத்து ஊர் அரசுக் கலைக் கல்லூரியில் நேரடியாகச் சேர்த்தால் பட்டம் முடியும் வரை வரும், வேறு உதவித்தொகை வாங்கினாலும் வரும். விண்ணப்பம் கல்லூரி மூலமாகத்தான். பையன்களுக்கு இதே போல் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் தொடங்கியது.

எதிர்வீட்டுப் பையனுக்கு ஆதிதிராவிடர் நலத்துறையின் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான) உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நிர்வாக ஒதுக்கீட்டுக்கு அங்கேயும் கிடையாது. அவன் அப்பாவிடம் மறக்காமல் சொல்.

கடைசியாக வங்கிக் கணக்கு. பாஸ்புக்கில் ஆதார் எண் ஏறியிருப்பது போதாது. அரசுப் பணம் வருவதற்காகத் தனியாக இணைக்கச் சொல்லிப் படிவம் கொடுக்க வேண்டும். கடைசியாக எந்த வங்கியில் அப்படி இணைத்தார்களோ அங்கேதான் பணம் போகும். கயலுக்குப் பள்ளியில் திறந்த பழைய கணக்கு ஒன்று இருந்தால், எது இணைந்திருக்கிறது என்று பார்த்து வை.

அலாட்மென்ட் வந்ததும் அந்தத் தாளை போட்டோ எடுத்து அனுப்பு. எந்த ஒதுக்கீடு என்று அதில் போட்டிருப்பதை நானும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
இராமநாதன்